அண்ணனின் வலது முழங்கால்

எங்கள் அண்ணன் இறைவனிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் உறவினர்கள் எல்லாரும் அண்ணனின் பொறுமையைப் புகழ்ந்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமையின் மேல்தான் கோபம்.

உவரிக்குப் பக்கத்தில் பிறந்த அண்ணன் பதினாறு வயதிலேயே ஆறடியைத் தாண்டிவிட்டார். பள்ளிக்கூட மைதானத்தில் கூடைப்பந்து வளையத்துக்கு அடியில் நிறுத்தினார்கள், அதுவே பிழைப்பானது. சென்டர் வீரர்தான், ஆனால் பந்தைப் போடுகிறவர் அல்லர், போடவிடாதவர். எதிரணி ஆள் குதிக்கும்போது அண்ணனின் கை முன்னதாகவே அங்கே இருக்கும். பேப்பரில் வந்த படங்களில் அவருடைய முழங்கை மட்டும் தெரியும்.

“பாயிண்ட் போட்டவனத்தான் படம் எடுப்பாவ. போடாமப் பாத்துக்கிட்டத எப்படிப் படம் எடுக்க?” என்று சிரிப்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, சென்னையில் வங்கி அணியில் இருந்த வேலையை உதறிவிட்டு, எமிரேட்ஸில் ஒரு கிளப்புக்குச் சம்பள ஆட்டக்காரராகப் போனார். அம்மா ஒரு வாரம் பேசவில்லை. அங்கே காலூன்றியதும், வேலையில்லாமல் இருந்த என் கணவரை அதே அணிக்கு உதவியாளராகச் சேர்த்துவிட்டார். ஐஸ் கட்டுவது, டேப் சுற்றுவது அவர் வேலை. நானும் போய் ஒரு கிளினிக்கில் நர்ஸ் ஆனேன். வெள்ளிக்கிழமைகளில் அண்ணனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

மூன்றாவது சீசனில் அண்ணனின் வலது முழங்கால் கெட்டுப்போனது. வெளியே தெரிந்தால் கிளப் அனுப்பிவிடும் என்பதால் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆட்டத்துக்கு முன் ரகசியமாக டேப் சுற்றிவிட்ட என் கணவருக்கு மட்டும் தெரியும். நர்ஸாகிய எனக்கே தெரியாது.

புதிய ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டிய வாரத்தில் கிளப் அண்ணனை நிறுத்திவிட்டது. “கலாஸ், முடிஞ்சிட்டு, தங்கச்சி. வயசாயிட்டுன்னுட்டானுவ” என்றார். அப்போது வயது முப்பத்து மூன்று. பிறகு சவுதியில், ஜுபைலில் ஒரு ஆலையில் பாதுகாப்புக் கண்காணிப்பு டியூட்டி. நாள் முழுக்க வெயிலில், அந்த முழங்காலோடு நின்றார்.

வெள்ளிதோறும் போன் செய்து, “மாப்பிள்ள நல்லாருக்காரா?” என்றுதான் தொடங்குவார். “என்னைய விட மாப்பிள்ளதான் பெருசோ?” என்று கேலி செய்வேன். ஒருநாள் டியூட்டியில் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஊரில் நாற்பதாம் நாள் பூசைக்கு, எமிரேட்ஸ் கிளப்பில் அண்ணனோடு ஆடிய நாகர்கோவில் செல்வின் வந்திருந்தார். பேச்சுவாக்கில், “முழங்கால் விசயத்த மேனேஜர்ட்ட சொன்னதே ஒங்க வீட்டுக்காரருதான? ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்!” என்றார்.

அன்றே கணவரிடம் கேட்டேன்.

“மேனேஜர் கேட்டாரு, சொல்லிட்டேன். மறைச்சது தெரிஞ்சா என் வேலையும் போயிருக்கும். மறுநாளே மச்சான்கிட்ட ஒத்துக்கிட்டேன். ‘மாப்ள, தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம்’னு சொல்லிட்டாரு.”

என் குடும்பத்தைக் காப்பாற்றுவதாக அண்ணன் நினைத்திருப்பார். நான் கேட்டேனா? வேலை வாங்கித் தந்தவரைக் காட்டிக்கொடுத்தார் என் கணவர். அதை என்னிடம் மறைத்து அவரோடு கூட்டுச் சேர்ந்தார் அண்ணன். இரண்டு பேரையும் நம்பி மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தவள் நான். இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று சித்தப்பா கேட்டார். அண்ணன் உயிரோடு இருந்தால் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன், இங்கே எழுதவேண்டிய தேவை வந்திருக்காது.

அண்ணனை ஊர் சேர்க்கப் பேப்பர் வேலைக்கு அலைந்த ஜுபைல் கேம்ப் அறைத் தோழர்களுக்கும், அவர் உயரத்துக்குப் பெட்டி கிடைக்காதபோது தாங்களே நீளமாகச் செய்து தந்த தச்சர்களுக்கும், பங்குத் தந்தைக்கும், தோள் கொடுத்த ஊர் இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்தக் கடைசி வரிகளை அச்சுப்படி திருத்த வந்தபோது சேர்க்கிறேன். இந்தக் கட்டுரையை அச்சகத்துக்குக் கொண்டுபோனவர் என் கணவர். வாசலில் நின்று முழுவதும் படித்தார். ஒரு வரியையும் அடிக்கவில்லை. அதற்கு மட்டும் அவருக்கு நன்றி.