நுனி படாத பேனா

“இது உங்களுக்குச் சரிப்பட்டு வராதுக்கா. பேசாம வாங்குன கடையிலயே திருப்பிக் குடுத்துருங்க.”

இருபத்தாறு வருஷமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். நான் கோவக்காரி. வாடிக்கையாளர்களிடம் என்னென்னவோ பேசியிருக்கிறேன். அதில் ஒரே ஒரு பேச்சை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் இதைத்தான் வாங்கிக்கொள்வேன். இதைச் சொன்னது நூர்ஜகான் அக்காவிடம். அவர் பேனாவை முந்தானையால் துடைத்து, அது வந்த பெட்டிக்குள்ளேயே வைத்து மூடினார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் மானம் கொஞ்சம் போகும். போனால் போகட்டும்.

முதல் நாள்

என் கடை ஆனையூரில் இருக்கிறது. பழைய சிஸ்டங்களில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு, இன்னும் நாலு வருஷம் ஓடுகிற மாதிரி ஆக்கிக் கொடுப்பதுதான் என் முக்கிய வேலை. பொம்பளை என்பதால் வீட்டுக்குள்ளேயே வந்து பார்க்கச் சொல்லும் வாடிக்கையாளர்கள் எனக்கு நிறைய. நூர்ஜகான் அக்கா வீடும் அப்படித்தான். நகரத்துக்குள் பள்ளிவாசலை ஒட்டிய சந்தில், வண்டியை முக்கிலேயே நிறுத்திவிட்டு நடந்து போகவேண்டும்.

அக்காவின் ஒரே மகள் ஷாகினா ஒத்தக்கடையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்த வீட்டு டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டது நான்தான். அம்மாவுக்கு ஒரு டிராயிங் டேப்லட் வாங்கியிருக்கிறேன், மாட்டிக் கொடுங்கள் என்று அவள் போன் செய்தாள். டேப்லட் என்றால் போன் மாதிரி இருக்குமே அதில்லை. சிலேட்டு அளவுக்குக் கறுப்புப் பலகை. அதன்மேல் அதற்குரிய பேனாவால் வரைந்தால் கோடு கம்ப்யூட்டர் ஸ்கிரீனில் விழும். இவள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் அப்படி எழுதுவதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டாள்.

அக்காவுக்குத் தொழில், கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போடுவது. அந்த வட்டாரத்தில் அவர் மருதாணிக் கோன் பிடிக்காத கல்யாணம் குறைவு. போன வருஷம் மூச்சுத் திணறல் வந்துவிட்டது. மருதாணியில் கலக்கிற நீலகிரித் தைலத்தின் வாசனை பட்டாலே நெஞ்சு அடைக்கிறது. கிட்டேயே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலையை அக்காவோடு பத்து வருஷம் கூட இருந்த ரஷீதா பார்த்துக்கொள்கிறார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மூன்று வாரத்தில் ஷாகினாவுக்கு நிக்காஹ்.

“எம்புட்டோ புள்ளைகளுக்குப் போட்டுட்டேன் செல்வி. இவளுக்குன்னு ஒரு டிசைன் ஒதுக்கி வச்சிருக்கேன். இவ ஆறாப்பு படிக்கையில மனசுல தோணுனது. இன்னைக்கு வரைக்கும் வேற எந்தப் பொண்ணு கைக்கும் அதைப் போட்டதில்ல. எப்படியாச்சும் அதை வரைஞ்சு குடுத்துட்டா ரஷீதா பார்த்துப் போட்டுருவா.”

காகிதத்தில் வரைந்து கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். ஒரு முழு நோட்டை எடுத்துக் காட்டினார். பால்பாயிண்ட்டில் கோணல் மாணலாக, எல்லாப் பக்கத்திலும் பாதியில் நிறுத்திய பூக்கள். இந்தக் கையா இத்தனை பேருக்கு மருதாணி போட்டது என்று நினைத்தேன். காகிதத்தில் வராத கை டேப்லட்டில் மட்டும் எப்படி வரும் என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். நான் ஏன் யோசிக்கிறேன், எனக்கு மாட்டுகிற வேலை.

மாட்டுவதில் பெரிய சிரமம் இல்லை. இப்போதைய லினக்ஸ், லாகின் ஆகும்போது வேலாண்ட் என்கிற புது டிஸ்ப்ளே முறையில் நுழையும். பேனா செட்டிங் மாற்ற நான் வைத்திருக்கிற கமாண்டுகள் அதில் எடுபடாது. லாகின் ஸ்கிரீனில் பழைய முறையான எக்ஸ்-ஆர்க்குக்கு மாற்றினேன். அடுத்து, வட்டம் போட்டால் முட்டை மாதிரி விழுந்தது. ஸ்கிரீன் அகலம், டேப்லட் அப்படி இல்லை. டேப்லட்டின் மேலும் கீழும் கொஞ்சம் இடத்தை விட்டுவிடச் சொல்லி அளவு கொடுத்ததும் வட்டம் வட்டமானது. வரைகிற சாஃப்ட்வேரைத் திறந்து நானே ஒரு பூ போட்டுப் பார்த்தேன். அழுத்தினால் பட்டையாக, லேசாக வைத்தால் மெலிசாக, அருமையாக விழுந்தது. அரை மணி நேர வேலை. பேனாவை அக்கா கையில் கொடுத்தேன்.

அம்புக்குறி நகர்ந்தது. கோடு விழவில்லை.

மூன்று தடவை

எங்கோ ஒரு புள்ளி, அப்புறம் ஒரு துண்டுக் கோடு, அப்புறம் ஒன்றுமில்லை. பேனாவை வாங்கி நான் போட்டால் கோடு ஒழுங்காக விழுகிறது. திரும்ப அவர் பிடித்தால் அதே புள்ளி. “நல்லா அழுத்துங்கக்கா” என்றேன். அழுத்தினார். கோடு விழுந்தது, ஆனால் அந்த நோட்டில் இருந்த அதே கோணல். கை நடுங்கியது. ஒரு இலை முடிவதற்குள் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

டேப்லட்டைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கிற டிரைவர் சாஃப்ட்வேர்தான் தகராறு, அழுத்தத்தை விட்டு விட்டு வாங்குகிறது என்று முடிவு கட்டினேன். கேபிளை மாற்றினேன். பின்னாலுள்ள யூஎஸ்பி போர்ட்டில் மாட்டினேன். இரண்டாம் தடவை போய் லினக்ஸின் அடித்தளமான கெர்னலைப் புதுசுக்கு ஏற்றினேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு வேலை செய்தது, அவருக்குச் செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் டீயும் சமோசாவும் வேறு வந்தது. அதைத் தின்றுகொண்டே அவர்மேல் எரிச்சல்பட்டேன்.

மூன்றாம் தடவை, ஒரு செவ்வாய்க்கிழமை, பேனா என்ன செய்கிறது என்பதை எண் எண்ணாகக் காட்டுகிற ஒரு சின்ன புரோகிராமை ஓடவிட்டேன். நீங்கள் பாட்டுக்கு உங்கள் டிசைனைப் போடுங்கள், கோடு விழுந்தாலும் விழாவிட்டாலும் கவலைப்படாதீர்கள் என்றேன். பத்து நிமிஷம் போட்டார். ஸ்கிரீனில் ஏழெட்டுப் புள்ளிகள் இருந்தன. அந்த எண்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு எழுந்தபோதுதான், முதலில் சொன்னேனே, அந்தப் பேச்சைப் பேசினேன்.

மறுநாள் ஷாகினா போன் செய்தாள். சண்டை போடவில்லை. “பரவால்லக்கா, அம்மாவுக்கு முடியலைன்னா விட்டுருங்க. பெட்டியை பீரோ மேல தூக்கி வச்சிட்டாங்க. ரஷீதாக்காவை அவங்க இஷ்டத்துக்கே போடச் சொல்லிக்கிறேன்” என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தலைகீழ்க் கொடி

போனை வைத்துவிட்டுப் பென்டிரைவை எடுத்து மாட்டினேன். தப்பு டிரைவர்மேல்தான் என்று நிரூபித்துவிட்டால் என் மனசு ஆறிவிடும் என்ற எண்ணம், வேறென்ன.

ஆயிரக்கணக்கான வரிகள். ஒவ்வொரு வரியிலும் பேனா குறுக்கே எங்கே இருக்கிறது, நெடுக்கே எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தம் என்று மூன்று எண். அழுத்தம் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஆனால் இடத்தைச் சொல்லும் எண்கள் ஒரு இடத்தில்கூட விட்டுப்போகவில்லை. டிரைவர் பேனாவை ஒரு நொடிகூடத் தவறவிடவில்லை. அப்படியானால் இத்தனை நேரம் இந்தப் பேனா எங்கேதான் போய்க்கொண்டிருந்தது? எண்களை எக்ஸெல் மாதிரி ஷீட்டில் போட்டு, புள்ளிப் படமாக்கச் சொன்னேன்.

ஒரு கொடி வந்தது. தலைகீழாக வந்தது, டேப்லட் மேலிருந்து கீழே எண்ணும், ஷீட் கீழிருந்து மேலே எண்ணும். நாற்காலியை விட்டு எழுந்து தலையைச் சாய்த்துப் பார்த்தேன். மணிக்கட்டில் கிளம்பி, உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கிளை பிரிகிற கொடி. இலைக்குள் நரம்பு. மாங்காய் வடிவத்தின் நுனி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கூர்மையாக வளைந்து முடிந்தது. ஒரு இடத்தில்கூட நடுக்கமில்லை.

அந்த அம்மா அத்தனையையும் போட்டிருக்கிறார். நுனி பலகையில் படாமல், மேலேயே போட்டிருக்கிறார். கொஞ்சம் உயரத்தில் நின்றாலும் பேனா இருக்கும் இடம் டேப்லட்டுக்குத் தெரியும், கோடு மட்டும் விழாது. மகளுக்கென்று அத்தனை வருஷமாக யார் கண்ணிலும் காட்டாத டிசைனை முதலில் பார்த்தது நான், அதுவும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடையில் ஆட்கள் இருந்தார்கள், பரவாயில்லை என்று அழுதேன்.

மைதாக் கோன்

அன்றைக்கு மத்தியானமே போனேன். வாசலில் நின்றபடியே, “என் மேலதான்க்கா தப்பு, மன்னிச்சிருங்க” என்றேன். உள்ளே வா, வெயிலில் நிற்காதே என்றார், அம்புட்டுத்தான். உட்கார்ந்ததும் கேட்டேன், நீங்கள் கோனை எப்படிப் பிடிப்பீர்கள், எனக்குச் செய்து காட்டுங்கள் என்று. மருதாணியை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. அவர் எழுந்து போய் மைதாவைக் கரைத்துக் காய்ச்சி, ஆறவைத்து, ஒரு பிளாஸ்டிக் தாளைக் கோனாகச் சுருட்டி நிரப்பினார். என் இடது கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். சால்டரிங்கில் சுட்ட தழும்பும் ஸ்குரூடிரைவர் காய்ப்பும் உள்ள கை. எனக்கே கூச்சமாக இருந்தது.

அந்த மூன்று தடவையும் நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அவர் கையைப் பார்த்தேன். கோனின் நுனி என் தோலில் படவே இல்லை. ஒரு நெல்மணி உயரத்தில் நிற்கிறது. கட்டைவிரல் மட்டும் மெதுவாக அமுக்குகிறது. மாவு நூல் மாதிரி இறங்கித் தானாகப் போய் உட்காருகிறது. கட்டைவிரலை விட்டால் கோடு முடிந்தது.

“படாம எப்படிக்கா போடுறீங்க?”

“பட்டா புள்ளைக்குக் கூசும்ல. கையை இழுத்துக்கிருவா. நீ அழுத்து அழுத்துன்ன, எனக்கு அதுதான் செல்வி வரல.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதை முதல் நாளே அவரிடம் கேட்டிருக்கலாம்.

மைதா காய்வதற்கு முன்னாலேயே வலது கையால் வேலையை ஆரம்பித்தேன். அந்தப் பேனாவின் பக்கவாட்டில், கட்டைவிரல் படுகிற இடத்தில் ஒரு பட்டன் உண்டு. சாதாரணமாக அது மவுஸின் வலது கிளிக். அதை, நுனி பலகையைத் தொட்டதாக எடுத்துக்கொள் என்று ஒரு வரி கமாண்டில் மாற்றினேன். அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு பெருக்கிற வசதியைச் சாஃப்ட்வேரில் அணைத்தேன். கோனிலிருந்து இறங்குகிற மாதிரி ஒரே கனம். நுனி மேலேயே நிற்கலாம், கட்டைவிரலை அமுக்கினால் கோடு, விட்டால் இல்லை.

பீரோ மேலிருந்து இறக்கிய பேனாவை அக்கா வாங்கினார். பட்டனை அமுக்கி ஒரு கோடு இழுத்தார். நிறுத்தி என்னைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. டீ கேட்கலாமா என்று யோசித்தேன், கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அக்காவிடமிருந்து போன். “பட்டன் அமுக்குறேன், வேற என்னமோ வருது.” டேப்லட்டைத் துடைப்பதற்காகக் கழற்றி மாட்டியிருக்கிறார், செட்டிங் போய்விட்டது. இந்தத் தடவை கோபப்படவில்லை. எப்போது மாட்டினாலும் அந்த வரி தானாக ஓடுகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்துவிட்டு வந்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது.

இப்போது என்னிடம் வேலை கற்கிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்கிறேன். நீங்கள் போட்டுப் பார்த்து ஓகே என்று கிளம்பாதீர்கள். அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, ஸ்கிரீனை விட்டு அவர்கள் கையைப் பாருங்கள். வேலை அவர்கள் கைக்கு ஒத்துவராவிட்டால் திருத்த வேண்டியது கையை இல்லை.

நிக்காஹ் காலை

டிசைனைக் கையளவுக்கே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். நிக்காஹுக்கு முந்தின நாள் மத்தியானம் அடுத்த வீட்டு மாடியில் வைத்து ரஷீதா அதைப் பார்த்து ஷாகினாவுக்குப் போட்டார். வாசனை ஆகாது என்று அக்கா கீழே தன் வீட்டிலேயே இருந்தார். அங்கிருந்து ஏதாவது சத்தம் கேட்டால் மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நிக்காஹ் அன்று காலை நான் சீக்கிரமே போய்விட்டேன். மருதாணியை உதிர்த்து, தேங்காயெண்ணெய் தடவி, வாசனை போகக் குளித்துவிட்டு ஷாகினா இறங்கி வந்தாள். இரண்டு கையையும் அம்மா முன்னால் நீட்டினாள். நல்லா சிவந்திருந்தது. மணிக்கட்டில் கிளம்பிய கொடி, இலைக்குள் நரம்பு, மாங்காய் நுனி, எல்லாம் இருந்தது.

அக்கா ஆள்காட்டி விரலை எடுத்துக் கொடியின் மேலேயே கொண்டுபோனார். மணிக்கட்டிலிருந்து உள்ளங்கைக்கு, அங்கே ஒரு சுற்று, அப்புறம் ஒவ்வொரு விரலாக. அதே நெல்மணி உயரம். விரல் ஒரு இடத்திலும் படவில்லை.

ஷாகினா அந்த விரலைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் வைத்து அமுக்கினாள்.

“தொடும்மா. காஞ்சிருச்சு.”