மெட்ராஸ் வழியாகப் பெங்களூர்

மெட்ராஸில் மூன்று நாள் பயிற்சி முடித்து எங்கள் வங்கியின் ஓசூர் கிளைக்குத் திரும்பியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இனி வெளியூர்க் காசோலைகளை அந்தந்த ஊருக்குத் தனித்தனியாக அனுப்பக் கூடாது. எல்லாம் ஒரே உறையில் மெட்ராஸுக்குப் போக வேண்டும், அங்கே பிரித்து அனுப்புவார்கள். இதற்குப் பெயர் நவீனமயம். கிளையில் அதைப் படித்துவிட்டு வந்தவன் நான் ஒருவன்தான். சும்மா இருப்பேனா?

முதலில் மாட்டியவர் பக்கத்துப் பேரிகை ஊர்ப் புளி வியாபாரி பாய். சாலையோரப் புளியமரங்களை ஏலத்தில் எடுத்து முன்பணம் கட்டியிருந்தார். மீதியை எட்டு நாளில் கட்டாவிட்டால் மரமும் போகும், முன்பணமும் போகும். கையில் இருந்தது பெங்களூர் மண்டிக்காரர் கொடுத்த காசோலை.

"பெங்களூரு பஸ்ஸுல ஒன்றரை மணி நேரம் சார். இது எதுக்கு மெட்ராஸு போவுது?"

"அது மைசூர் ராஜ்யம் பாய். புது முறையில சீக்கிரம் வந்துரும்."

எங்கள் மேனேஜர் தினமும் பெங்களூரிலிருந்துதான் வந்து போவார். பாவம், நல்ல மனுஷன். "ஏம்ப்பா, சாயங்காலம் நானே கொண்டுபோய் அங்க நம்ம கிளையில குடுத்துர்றனே" என்றார்.

"சர்க்குலர்ல அப்படி இல்லீங்க சார்" என்றேன். சர்க்குலர் என்றதும் அவர் பயந்துபோய்க் காபியைக் குடித்தார்.

உறை மெட்ராஸுக்குப் போனது. ஐந்தாம் நாளிலிருந்து பாய் முதல் பஸ்ஸில் வந்து நின்றார். எட்டாம் நாள் கவுண்டர் மூடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டேங்கறாரே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் லெட்ஜருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

பத்தாம் நாள் பணம் வந்தது. "வந்துருச்சு பாய்!" என்று கத்தினேன்.

"மரத்த நேத்தே வேற ஆளுக்கு வுட்டுட்டாங்க சார்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சர்க்குலர் எழுதியவனை மனசுக்குள் திட்டிப் பார்த்தேன், ஆறவில்லை. மேனேஜர் நீட்டிய கையைத் தட்டிவிட்டவன் அவன் இல்லையே.

பாய் ஒரு வார்த்தை வையவில்லை. மொத்தப் பணத்தையும் எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் அவரே பெங்களூர் போய் ரொக்கமாக வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு வருவார். எங்கள் வங்கிக்கு எதிரேதான் பேரிகைக்குப் பஸ் மாற வேண்டும். இறங்கியதும் ஜன்னல் வழியே எனக்கு மரியாதையாக ஒரு சலாம் வைப்பார். அந்தச் சலாமுக்குப் பயந்து நான் நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.