நடுவில் இல்லாத பக்கங்கள்

மைசூரில் நான் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தபோது, எங்கள் வகுப்பு முழுவதற்கும் முக்கியமான பாடப்புத்தகம் ஒன்று நூலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. நூலகத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. பையையும் போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் படிப்பவர்கள், மறுநாளும் தமக்கே கிடைக்கட்டும் என்று, அதை சமஸ்கிருத இலக்கணத்துக்குப் பின்னாலோ பழைய சட்டப் புத்தகங்களுக்கு நடுவிலோ ஒளித்துவிட்டுப் போவார்கள். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை.

ஹனூர்ப் பக்கம் கௌதள்ளி கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த என் தோழியிடம் லேப்டாப் கிடையாது. அவளுக்கு நூலகமே கதி. தேர்வு நெருங்கிய சமயத்தில் புத்தகம் காணாமல் போனது. இருவரும் அலமாரி அலமாரியாகத் தேடினோம். கன்னட அகராதிகளுக்குப் பின்னால் கையை விட்டு அவள்தான் இழுத்தாள். திறந்தால், எங்களுக்கு வேண்டிய பாடம் மட்டும் இல்லை. தையலை ஒட்டிப் பிளேடால் சுத்தமாக அறுத்திருந்தார்கள். மிச்சமிருந்த விளிம்பைத் தடவியபடி அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நம்ம கிளாஸ்ல இருக்கறவங்கதான் புள்ள. நம்மகூட உக்காந்து சோறு திங்கறவங்க.”

அதன் பிறகு, வகுப்பில் அந்தப் பாடத்திலிருந்து யார் பதில் சொன்னாலும் அவரைத் திரும்பிப் பார்ப்பாள். கோபமாக அல்ல, முகத்தில் எதையோ தேடுவதுபோல.

ஒருநாள் பேராசிரியர் அந்தப் பாடத்திலிருந்து என்னைக் கேள்வி கேட்டார். சீனியர் ஒருத்தியின் குறிப்புகளை முந்தின நாள்தான் வாங்கிப் படித்திருந்தேன். தோழிக்கும் கொடுக்கவேண்டும் என்று பையில் வைத்திருந்தேன். தடங்கலின்றிச் சொன்னேன். முடிப்பதற்குள் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் குறிப்புகளை நீட்டினேன். “சீனியர்கிட்ட வாங்கினேன்பா. நிஜமா.”

“நான் ஒண்ணுமே கேக்கலியே,” என்றாள்.

வாங்கிக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். இருவரும் தேறினோம், அவள் மிகக் குறைந்த மதிப்பெண்ணில்.

போன வருடம் மைசூர் மண்டி மொஹல்லாவில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது அவளே கூப்பிட்டாள். ஹனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாம். பிரியமாகத்தான் பேசினாள். கிளம்பும்போது தாங்கமாட்டாமல் சொன்னேன்: “அந்தப் பக்கங்கள நான் வெட்டல.”

என் கையைப் பிடித்து அழுத்தினாள். “போவுது உடு புள்ள. அப்ப எல்லாருக்குமே கஷ்டந்தான்.”

நம்பியிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள். மறுத்துச் சொல்ல வாய் திறப்பதற்குள் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.