யாரும் கூப்பிடாத விளக்கு

அலுவலகத்தில் அவளுக்கு ‘சைபர்’ என்று பெயர். பழைய கணினிக்கு எழுதிய ‘சி’ மொழி நிரல்களைப் புது சிப்புக்கு மாற்றித் தருவது அவள் வேலை. மாற்றும்போது, நிரலை இயந்திர மொழிக்குப் பெயர்க்கும் கம்பைலர் நானூறு ஐநூறு எச்சரிக்கைகளைக் கொட்டும். அவள் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் சைபர். பத்தொன்பது வருடமாக இப்படித்தான். எப்படிக் குறைக்கிறாய் என்று மேலதிகாரி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், பாதியைச் சரிசெய்கிறாள், மீதியின் வாயை அடைக்கிறாள் என்று தெரிந்திருக்கும். சொன்னதையே சொல்லித் தொணதொணப்பவர் பேச்சை யார்தான் காதில் போட்டுக்கொள்கிறார்கள்?

போன மாதம் ஆஸ்பத்திரி வார்டு ஒன்றின் அழைப்புப் பலகைக்கான நிரல் வந்தது. நோயாளி சுவிட்சை அழுத்தினால் நர்ஸ் மேசையில் அந்தக் கட்டிலின் விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான். முந்நூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள். கடைசியாக நின்ற ஒன்று, ‘இந்த நிபந்தனை ஒருநாளும் உண்மையாகாது’ என்றது. பக்கத்தில், என்றோ வேலையை விட்டுப் போன யாரோ எழுதிய குறிப்பு: ‘யாரும் இல்லையென்றால் இங்கேயே திரும்பு.’ ஒருநாளும் உண்மையாகாத வரி இருந்தென்ன போயென்ன என்று அதை அழித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

புதுப் பலகை மாட்டிய அன்று மதியம் மூன்று மணிக்கு நாத்தனார் போன் செய்தாள். அந்த வார்டில்தான் அவள் நர்ஸ்.

“அண்ணி, சிரிக்கக்கூடாது. பதினாலாம் கட்டில் காலைலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கு.”

“யாரு இருக்காங்க அதுல?”

“யாரும் இல்ல. இருந்த பெரியவர் விடியக்காலைல தவறிட்டார். விரிப்ப மாத்தி, சுவிட்ச ஆணில மாட்டியாச்சு. அப்பவும் எரியுது. வேற யாராச்சும் கூப்பிட்டா அணையுது. அவங்களப் பாத்துட்டு வந்தா மறுபடி எரியுது. இங்க எல்லாருக்கும் உதறல். விளக்கு மேல பிளாஸ்திரி ஒட்டி வெச்சிருக்கோம்.”

சைபருக்குச் சிரிப்பு வரவில்லை. யாரும் கூப்பிடாத நேரமெல்லாம் கூப்பிடுகிற கட்டில். அழித்த வரி கண்முன் வந்து நின்றது.

யாரும் கூப்பிடவில்லை என்பதற்குப் பழைய நிரலில் மைனஸ் ஒன்று என்று எண். அதை வைத்திருந்த சின்னப் பெட்டி புது சிப்பில் மைனஸை ஏற்காது. மைனஸ் ஒன்றைப் போட்டால் இருநூற்றைம்பத்தைந்து ஆகிவிடும். பதினாலு கட்டிலைத் தாண்டிய எண் வந்தால் கடைசிக் கட்டில் என்று எடுத்துக்கொள்ளும்படி இன்னொரு வரி இருந்தது. கம்பைலர் சொன்னது அதைத்தான்: இங்கே ‘யாரும் இல்லை’ என்பது இனி நடக்கவே நடக்காது. சோதித்தபோதெல்லாம் யாராவது ஒருவர் சுவிட்சை அழுத்திக்கொண்டிருந்தார். யாருமே அழுத்தாமல் சோதித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

“அண்ணி, லைன்ல இருக்கீங்களா?”

“அந்தக் கட்டில் இப்பவும் காலியாத்தானே இருக்கு?”

“இல்லையே. ரெண்டு மணிக்கு வயித்து ஆபரேஷன் முடிஞ்சு ஒருத்தரக் கொண்டுவந்து படுக்க வெச்சோம்.”

அவர் அழுத்தினாலும் எரியப்போவது ஏற்கெனவே எரிகிற விளக்கு. அதன் மேல் பிளாஸ்திரி.

“ஓடிப் போய் அவரப் பாரு. பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. தப்பு என்னுது. ஓடு.”

போனில் செருப்புச் சத்தம் கேட்டது. திரை வளையங்கள் கம்பியில் உரசின. அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை சைபர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு யாரோ டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் போனுக்குத் திரும்பினாள்.

“தையல் விட்டு ரத்தம். பொழச்சுக்குவார்னு டாக்டர் சொல்றார். அரை மணியா அழுத்திக்கிட்டே இருந்தாராம் அண்ணி. யாருமே இல்லன்னு நெனச்சிட்டாராம்.”

சைபர் மேலதிகாரியிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். மைனஸ் ஏற்கும் பெட்டியாக மாற்றி, அழித்த வரியைத் திரும்ப எழுதினாள். ஆறு மணிக்குத் தானே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பலகையில் திருத்திய நிரலை ஏற்றி, பிளாஸ்திரியையும் பிய்த்தெறிந்தாள். பதின்மூன்று விளக்குகள் இருட்டாக இருந்தன. பதினாலாவது எரிந்தது.

நர்ஸுகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “சரி பண்ணிட்டேன்னீங்களே அண்ணி,” என்றாள் நாத்தனார். சைபர் வார்டின் கோடிவரை நடந்தாள்.

மறுபடி தையல் போட்டுப் படுக்க வைத்திருந்த அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் மட்டும் சுவிட்சின் மேல், நகம் வெளுக்க அழுந்தியிருந்தது. அவள் அதை மெல்ல எடுத்துவிட்டாள்.

“அணைஞ்சிருச்சு,” என்று மேசையிலிருந்து குரல் வந்தது.

கண்ணைத் திறக்காமலே அவர் மறுபடி அழுத்தினார்.

“இருக்கேங்க,” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் சைபர். அந்த விரல் தானாக விடும்வரை எழுந்திருக்கவில்லை.