விசில் ஊதாத கொண்டக்டர்

எங்கள் ஊரில் எந்தக் கொண்டக்டர் விசில் ஊதுகிறான்? ஒருத்தனைக் காட்டுங்கள், நான் இந்தத் தொழிலையே விட்டுவிடுகிறேன்.

திருகோணமலை பஸ் நிலையத்துச் சுவரில் அந்த அறிவித்தலை ஒட்டியிருந்தார்கள். ஊர் நாடக மன்றம் ஒன்று பாட்டும் சிரிப்புமாக ஒரு நாடகம் போடுகிறதாம், நடிகர் தேர்வுக்கு யாரும் வரலாமாம். நாடகத்தின் பெரிய பகிடிக்காரன் ஒரு பஸ் கொண்டக்டர். அவனுக்கு இரண்டு பாட்டு. மூதூர் பஸ்ஸில் பன்னிரண்டு வருடமாக வாசலில் தொங்கிக்கொண்டு கத்துகிறேன். அதற்குக் கிடைத்ததெல்லாம் ஏச்சுத்தான். ஒரு நாளாவது சனம் கதிரையில் இருந்து என் குரலைக் கேட்டுக் கைதட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதில் என்ன பிழை?

மூன்று நாள் வீட்டுக் குசினிக்குள் அடுப்பருகே நின்று பாடிப் பழகினேன். "இந்தக் கரைச்சலுக்கு நீங்கள் பஸ்ஸிலயே நிண்டிருக்கலாம்," என்றாள் மனைவி. ஆனாலும் தேர்வு நடந்த சனிக்கிழமை நல்ல உடுப்பாக எடுத்து மினுக்கித் தந்தவளும் அவள்தான்.

மண்டபத்தில் மூன்று நடுவர்கள். நடுவில் இருந்தவர் ஒரு ரீச்சர். கிண்ணியாவில் படிப்பிக்கிறார். கிழமையில் ஐந்து நாளும் என் பஸ்ஸில்தான் போகிறார்.

"தம்பி என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று அவரே என்னைக் கேட்டார்.

எனக்குச் சுரீர் என்றது. "கொண்டக்டர், ரீச்சர்," என்றேன். எந்த பஸ் என்று கேட்பார் என்று பார்த்தேன். எழுதிக்கொண்டு, "சரி, செய்யுங்கோ," என்றார்.

தொடங்கினேன். "சீனன்குடா, வெள்ளைமணல், கிண்ணியா, மூதூர்! ஏறுங்கோ, ஏறுங்கோ, உள்ளுக்கு இடம் கிடக்கு, பின்னுக்குப் பந்தடிக்கலாம்!" அப்படியே அந்தத் தாளத்திலே பாட்டை எடுத்து, கதிரை முதுகில் தட்டித் தட்டிப் பாடினேன். முறைக்குக் காத்திருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நடுவர்களும் சிரித்தார்கள். பாத்திரம் எனக்குத்தான் என்று நினைத்துவிட்டேன்.

பிறகு ஒரு விசிலை நீட்டினார்கள்.

"இது எதுக்கு, ரீச்சர்?"

"கொண்டக்டர் எண்டா விசில் ஊதத்தானே வேணும். படங்களில பாக்கேல்லையா?"

"அது இந்தியாப் படம். இஞ்ச நாங்கள் பஸ் தகரத்தில கையால தட்டுறனாங்கள். ஒரு தட்டு எண்டா நிப்பாட்டு, ரெண்டு தட்டு எண்டா போ."

"அது சனத்துக்கு விளங்காது, தம்பி."

எந்தச் சனத்துக்கு? நாடகம் பார்க்க வருகிற சனம் பிளேனிலா வந்து இறங்கப் போகிறது? கோபத்தில் வாய் குழறிவிட்டது. "என்னால ஊத ஏலாது," என்று மட்டும் சொன்னேன்.

மூவரும் குசுகுசுத்தார்கள். ரீச்சர் பேனையை மூடினார். "நல்லாத்தான் செய்யிறீங்கள். ஆனா கொண்டக்டர் மாதிரி இல்லை."

எனக்குப் பின்னால் வந்த வங்கி உத்தியோகத்தர் அதே விசிலை வாங்கி ஊதினார். ஊதிய ஊதலுக்குக் காது அடைத்தது. பாத்திரம் அவருக்கு.

திங்கட்கிழமை காலை ரீச்சர் வழக்கம்போல ஏறினார். பக்கத்தில் அவருடைய பள்ளிக்கூடத்து இன்னொரு ரீச்சர். காசு வாங்கப் போனேன்.

"சனிக்கிழமை ஒருத்தர் வந்தவர்," என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "கொண்டக்டராம். நல்ல குரல், பாவம். ஆனா எனக்கு நம்பிக்கை வரேல்ல." கதையை நிறுத்தாமல், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே காசை என் பக்கம் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. காசோடு அவருடைய கை அப்படியே நின்றது. அப்போதுதான் நிமிர்ந்தார்.

"ஐயோ, தம்பி, நீங்களா? அண்டைக்கு மண்டபத்தில வேற ஆள் மாதிரி இருந்தீங்கள்."

"அங்கதான் நீங்கள் என்ர முகத்தைப் பாத்தனீங்கள், ரீச்சர்," என்றேன்.