இரண்டாவது ஆல்பமும் என் பிளேடும்

ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் வேலை பார்ப்பவனுக்குக் காது கூர்மையாக ஆக, மனிதர்கள் மேல் உள்ள நம்பிக்கை மழுங்கிக்கொண்டே போகும். மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து முதுகு வளைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பார்கள். 'நேற்று வரைக்கும் சுருதி சரியாகத்தான் இருந்தது' என்று ஒருவர் சொன்னால், நேற்று அவர் பாடவே இல்லை என்று நமக்குத் தெரியும்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வந்து, கிழக்கேகோட்டை பக்கம் ஒரு சந்தில், மாடியில் இருந்த ஸ்டூடியோவில் பத்து வருடம் என்ஜினியராக இருந்தேன். பெரும்பாலும் பக்திப் பாட்டுதான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஹெவி மெட்டல் பேண்ட் தன் இரண்டாவது ஆல்பத்தைப் பதிவு செய்ய வந்தது. முதல் ஆல்பத்தை வேறு ஸ்டூடியோவில் செய்தவர்கள் ஏன் அங்கேயே போகவில்லை? என் முதல் சந்தேகம் அது.

மைக் சரிசெய்த கதை

பேண்டின் கிட்டார் ஆள் முருகேசன். முப்பது வயது இருக்கும். சாலை பஜாரில் திருநெல்வேலிக்காரர் பாத்திரக்கடை ஒன்று, அதன் முதலாளியின் மகன். கடையில் இருக்கும்போது நீண்ட தலைமுடியைச் சட்டைக்குள் விட்டுக்கொள்வார், ஸ்டூடியோவுக்கு வந்ததும் வெளியே எடுத்துவிடுவார். முதல் ஆல்பத்தில் வாசித்தது முருகேசனே இல்லை, பெங்களூரிலிருந்து யாரையோ கூட்டிவந்து வாசிக்க வைத்தார்கள் என்று ஊரில் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை அடக்கத்தான் இந்த ஆல்பம். அதனால் ஒரு நிபந்தனை போட்டார். சோலோ, அதாவது கிட்டார் தனியாக வருகிற இடமெல்லாம் ஒரே மூச்சில் வாசிப்பார், நான் டேப்பை வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. 'வெட்டு ஒட்டு இல்லை' என்று கேசட் அட்டையிலேயே அச்சடிக்கப் போவதாகவும் சொன்னார்.

இப்படிச் சத்தியம் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். போதாததற்கு, சோலோ வந்ததும் ஆள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கண்ணாடி வழியே முதுகுதான் தெரிகிறது. சத்தமோ நாலு பேர் சேர்ந்து வாசிப்பதுபோல் வருகிறது. எங்கேயாவது ஒரு டேப்பை மறைத்து வைத்திருக்கிறாரோ என்று, மைக்கைச் சரிசெய்கிற சாக்கில் மூன்று முறை உள்ளே போய் எட்டிப் பார்த்தேன். மூன்றாவது முறை முருகேசன் திரும்பாமலே சொன்னார்: "அண்ணாச்சி, மைக்க மூணு தடவ சரி பண்ணியாச்சு. வேணும்னா என் பாக்கெட்டையும் ஒண்ணு தடவிப் பாத்துக்கிடுங்க."

மாமியின் மைக்

கோட்டைக்குள்ளே ஒரு பஜனைக் குழு. அதைப் பாடி நடத்துகிற மாமிக்கு மறுநாள் காலை ஸ்டூடியோ கொடுத்திருந்தோம். ஏற்பாடெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முந்தின நாளே வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து பேண்டின் பாடகர் அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டிருந்தார். மாமி கதவருகே நின்று முழுப் பாட்டையும் கேட்டார். யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று மட்டும் கேட்டார். இல்லை மாமி, பாட்டுத்தான் என்றேன். நம்பவில்லை.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நாளைக்கு எனக்கும் இந்த மைக்குதானோ? அந்தப் பிள்ளை அதுக்குள்ள என்னத்தையெல்லாம் விட்டிருக்கானோ தெரியலை, நன்னா வெந்நீர்ல துடைச்சு வையுங்கோ."

வெட்டினேன்

மறுநாள் காலை மாமி வருவதால் அன்றைக்கு பேண்டுக்குக் கடைசி நாள். மூன்றாவது பாட்டின் சோலோ மட்டும் பாக்கி. முருகேசன் இரண்டு முறை வாசித்தார். முதல் முறை முன்பாதி பிரமாதம், பின்பாதியில் ஒரு கம்பி இரைந்தது. இரண்டாவது முறை முன்பாதி சுமார், பின்பாதி அபாரம். இன்னொரு முறை வாசிக்க நேரமில்லை, கடையில் அப்பா தனியாக இருக்கிறார் என்று கிளம்பிவிட்டார். எது நன்றாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

எனக்கு இரண்டுமே நன்றாக இருந்தது. மூல டேப் சுற்றிய மாஸ்டர் ஸ்பூலை இழுத்து, பிளேடால் வெட்டி, முதலாவதின் முன்பாதியோடு இரண்டாவதின் பின்பாதியை ஒட்டினேன். ஒட்டு எங்கே இருக்கிறது என்று எனக்கே கேட்கவில்லை. ஆனால் ஒரு சங்கடம். முன்பாதி மெல்லிய கம்பியின் உச்சியில் முடிகிறது. பின்பாதி கிட்டாரின் மறு கோடியில், தடித்த கம்பியில் தொடங்குகிறது. நடுவில் மூச்சு விடும் நேரம்கூட இல்லை. ஒரு கை அங்கிருந்து இங்கே வரவே முடியாது. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் முருகேசன் வந்து பாட்டைப் போட்டுக் கேட்டார். அந்த இடம் வந்தபோது நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "இது நான் வாசிச்சதுதானா அண்ணாச்சி? பிரமாதமால்லா இருக்கு."

பத்து விரல்

கேசட் வெளிவந்து இரண்டு வாரத்தில் பாளையத்துக் கேசட் கடைக்காரர் ஒரு பை நிறைய கேசட்டோடு மாடியேறி வந்தார். வாங்கியவர்கள் திருப்பித் தருகிறார்களாம். டேப் வேகமாக ஓடுகிறது என்று புகார். ஒருவர் ஸ்க்ரூ டிரைவரால் தன் டேப் ரெக்கார்டரின் மோட்டாரைத் திருகி வேகத்தைக் குறைத்திருக்கிறார். கிட்டார் சரியாகிவிட்டது, பாடகர்தான் தூங்கிப்போய்விட்டார். வேகமெல்லாம் சரிதான், ஆள் அப்படித்தான் வாசிக்கிறார் என்று நான் எவ்வளவோ சொன்னேன். வேகத்தைப் பொறுத்தவரை அது முழு உண்மை. ஆனாலும் அந்த ஒட்டை நினைத்து எனக்கு வியர்த்தது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பையைக் கட்டியபடி பாதி மலையாளத்தில் கேட்டார்: "சாரே, ஒரு மனுஷனுக்கு பத்து விரல் அல்லே உள்ளூ? மிச்சம் விரல் யாருடேது?"

ஹெட்போன்காரர்

பிறகு ஐந்தாறு மாதம் கழித்து சென்னையிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் வந்தார். கழுத்தில் சொந்த ஹெட்போன். அட்டையில் 'வெட்டு ஒட்டு இல்லை' என்று எழுதியிருப்பது நிஜமென்றால் இந்த ஆல்பத்தை நாடு முழுக்க வெளியிடத் தயார், பொய்யென்றால் அதையும் எல்லோரிடமும் சொல்லிவிடுவேன் என்றார். முருகேசனின் மானம் மொத்தமும் அந்த மூன்று வார்த்தையில் நின்றது. அதைப் பொய்யாக்கி வைத்திருந்தவன் நான். மனிதர் நேராக மூன்றாவது பாட்டுக்குப் போனார். அந்த இடத்தை நிறுத்தி நிறுத்தி ஏழெட்டு முறை கேட்டார். "இங்க ஏதாவது கட் இருக்கா சார்?" என்றார். இல்லை என்றேன். வாசிக்கிறவரைக் கூப்பிடுங்கள், இதே சோலோவை என் முன்னால் வாசிக்கட்டும் என்றார்.

கடைக்கு போன் போட்டேன். முருகேசன் வந்து சேர ஆன அரைமணி நேரத்தில் அந்தச் சென்னைக்காரரிடம் எத்தனையோ முறை உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பயம்தான். வேறு காரணம் சொன்னால் அது பொய். அவர் தலைமுடியை வெளியே எடுத்துவிட்டு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். முன்பாதி தண்ணீர் மாதிரி ஓடியது. அந்த இடம் நெருங்க நெருங்க நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சிக்குப் போன இடது கை, கடைசி ஸ்வரத்தைத் தொடாமலே மறு கோடிக்குக் கிளம்பிவிட்டது. அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் வலது கையின் நடுவிரலால் கம்பி மேல் தட்டினார். அது ஒலித்து முடிவதற்குள் இடது கை தடித்த கம்பியில் இறங்கியிருந்தது. கேசட்டில் எப்படியோ அப்படியே. எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

சென்னைக்காரர் ஹெட்போனைச் சுருட்டி வைத்துவிட்டு, முருகேசனிடம் போகாமல் என்னிடம் வந்து கை நீட்டினார்: "தப்பா எடுத்துக்காதீங்க சார், நான் சந்தேகப்பட்டது அவர இல்ல, உங்கள."

அவரை அனுப்பிவிட்டு வந்தால், முருகேசன் விரலை உதறிக்கொண்டிருந்தார். கேட்கத் தைரியமில்லாமல் ஒரு டீ சொன்னேன். டீயை வாங்கிக்கொண்டு அவராகவே சொன்னார்: "அன்னைக்கு அத எப்படித்தான் வாசிச்சேனோ தெரியல அண்ணாச்சி. கேசட்ட போட்டுப் போட்டுக் கேட்டு, திரும்ப வாசிச்சுப் படிக்க எனக்கு நாலு மாசம் ஆயிட்டு."

அன்றிலிருந்து எவர் எதை வாசித்தாலும் நம்பிவிடுகிறேன், என்ஜினியர் யார் என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.