நல்ல குரவை

என் நாவலின் ஏழாம் அத்தியாயத்தை வாசித்துக் காட்டியபோது பெரியம்மா இறாலுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். இராணுவம் ஊருக்குள் முகாம் போட்டிருந்த காலத்தைப் பற்றிய நாவல் அது. சுற்றிவளைப்பு வரப்போவதைக் கண்ட கதாநாயகி கோயிலுக்கு ஓடிப்போய் மணியடித்து, வாவிக்கு அப்பால் நிற்கும் ஆண்களை எச்சரிக்கிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கிய இடம். பெரியம்மா சிரித்தார். மடியிலிருந்த இறால் சட்டி ஆடுமளவுக்குச் சிரித்தார்.

“மணியா? மணி அடிச்சா அடிச்ச கையைத்தானே ஆமிக்காரன் முதல்ல புடிப்பான்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று வருடம் உட்கார்ந்து எழுதியது. அப்படியென்றால் நீங்கள் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டேன். நான் அந்த நாட்களில் பட்டணத்தில் விடுதியில் தங்கிப் படித்தவள். ஊரின் பயத்தை விடுமுறைக்கு விடுமுறை பார்த்தவள். கேட்க வேண்டியதை இத்தனை காலம் கேட்காமல் இருந்தது என் பிழைதான்.

“குரவை போட்டம்,” என்றார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம், பெண் பெரியபிள்ளையாவது, அம்மன் சடங்கு என்று நல்லது எது நடந்தாலும் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை இடுவார்கள். ஆமிக்காரர்களுக்கும் அது தெரியும். குரவை கேட்டால் எங்கோ விசேஷம் என்று நினைத்துக்கொள்வார்கள். முகாம் இருந்தது பள்ளிக்கூடத்தில். அங்கிருந்து புறப்பட்டால் முதல் வீடு பெரியம்மாவுடையது. அவர் குரவை இட, அடுத்த வீட்டுப் பெண் இட, அதற்கடுத்தவள் இட, ஆமி சந்தி தாண்டுவதற்குள் சத்தம் வாவிக்கரைக்குப் போய்விடும். தோணியில் வருபவன் தோணியைத் திருப்புவான். வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வட்டையில் வயல் வேலை செய்பவன் அங்கேயே தங்கிவிடுவான். பெண்களும் அக்கரைக்குப் போயிருக்கலாமே என்றேன். வீடு பெண்ணுக்குச் சீதனமாக வந்தது, அதை ஆமிக்கா விட்டுவிட்டுப் போவது என்று திருப்பிக் கேட்டார்.

ஒருநாள் ஒரு சிப்பாய் வாசல் படலையில் நின்று என்ன விசேஷம் என்று விசாரித்திருக்கிறான். மாடு கன்று போட்டிருக்கிறது என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். முற்றத்தில் கட்டியிருந்தது காளை. அவன் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனானாம்.

குரவையை இதற்கு எடுத்துக்கொண்டதால் நல்ல காரியத்துக்குக் குரவை இல்லாமல் போயிற்று. தாலி ஏறும்போது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அப்படியான நாளில்தான் பெரியம்மாவின் மகளுக்கும் கல்யாணம். மாப்பிள்ளை அக்கரையிலிருந்து தோணியில் வந்துகொண்டிருந்தார். நடு வாவிக்கு வந்தபோது, களுதாவளையிலிருந்து வந்திருந்த மச்சாள் ஒருவர், விஷயம் தெரியாமல், சந்தோஷத்தில் குரவை இட்டுவிட்டார். மாப்பிள்ளை தோணியைத் திருப்பிவிட்டார். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. பெரியம்மா பட்டுச்சேலையோடு நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையையும் தூக்கிக் கூப்பிட்டாராம்.

“மருமகன், இது நல்ல குரவை. வாங்க.”

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. மணியைத் தூக்கி எறிந்துவிட்டு இதை எழுதப்போகிறேன் என்றேன். பெரியம்மாவின் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது.

“மணியையே எழுதுகா. குரவையைச் சொல்லாத. திரும்பத் தேவைப்பட்டா என்ன செய்யிற?”

யுத்தம் முடிந்து எவ்வளவு காலம், முகாம் இருந்த வகுப்பறையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிறார்கள் என்றெல்லாம் வாதாடினேன். அவர் அடுத்த இறாலை எடுத்தார். எனக்கு அவர்மேல் எரிச்சல்; என்மேல் அதைவிட எரிச்சல். அவர் சம்மதமில்லாமல் குரவையை எழுத மனமில்லை. பொய்யென்று தெரிந்தபிறகு மணியை அச்சுக்கு அனுப்பவும் மனமில்லை. எழுதிய கட்டு அலுமாரிக்குள் போனது. பதிப்பாளர் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் காய்ச்சல் என்றேன். எட்டு மாதக் காய்ச்சல்.

யுத்தம் முடிந்த பிறகும் எங்கள் தெருக் கல்யாணங்களில் மேளம் உண்டு, வெடி உண்டு, குரவை இல்லை. மூத்தவர் தொடங்காமல் மற்றவர்கள் தொடங்கமாட்டார்கள். பெரியம்மா தொடங்கவில்லை.

போன ஆவணியில் அவருடைய பேத்திக்குக் கல்யாணம். அன்றைக்குத் தோணியைத் திருப்பிய மாப்பிள்ளைதான் இன்று பெண்ணின் தகப்பன். தாலி ஏறும் நேரம் பெரியம்மா கதிரையை விட்டு எழுந்தார். பேத்தியைப் பார்க்கவில்லை. பந்தலுக்குள் நின்ற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தபடி குரவை இட்டார். முதலில் குரல் கரகரத்தது, பிறகு ஏறியது. மற்றப் பெண்கள் ஒரு கணம் திகைத்தார்கள். அடுத்த வீட்டு அக்கா அதை வாங்கித் தானும் இட்டார், அவருக்குப் பக்கத்தில் நின்றவர் வாங்கினார், பந்தல் முழுக்கக் குரவை. நானும் இட்டேன், எனக்குச் சரியாக வரவில்லை, அழுகைதான் வந்தது.

இளைஞர்கள் தொலைபேசிகளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துப் படமெடுத்தார்கள். பெண்ணின் தகப்பன் மட்டும் பாதி எழுந்து வாவிப் பக்கம் திரும்பினார். மாமியாரின் கண்ணைக் கண்டதும் வெட்கத்தோடு உட்கார்ந்தார்.

பெரியம்மா வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தார்.

“எழுதுகா. மருமகன் மட்டுந்தான் எழும்பினவர். பொடியனுகள் ஒருத்தனும் ஓடல்ல.”

அன்று பின்னேரமே நாவலிலிருந்து மணியைக் கழற்றினேன்.